கோவா முற்றும் காலமும் கண்டி வீதியும்

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நம்மவர் பனி உருகுவதற்குக் காத்திருக்கும் பங்குனி மாதத்தில், அரியாலையில் குளிர்கால மரக்கறிகளின் அறுவடை முடியுந் தறுவாயில் இருக்கும். மேலைநாட்டுத் தோட்டக்காரருக்கு வசந்தம் தொடக்கம். நமக்கோ அது முடிவு. சித்திரை வெயில் ஏறிவிட்டால் கோவா சுருளாது, கரட் திரளாது.

இவை நம் மண்ணுக்கு உரியவை அல்ல. கோவா என்ற பெயரே போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். 1840களின் இறுதியில் சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் நுவரெலியாவில் ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிட்டார். மலைநாடே அவற்றின் இருப்பிடமாயிற்று. ஆயினும் ஆறு இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில், சுண்ணக்கல்லின் அடியில் தேங்கும் மழைநீரைக் கிணற்றிலிருந்து இறைத்து, இரவு வெப்பநிலை 22, 23 பாகை செல்சியசுக்கு இறங்கும் மார்கழி, தை மாதங்களைப் பயன்படுத்தி நம் விவசாயி அவற்றையும் விளைவித்தான். ஐப்பசி மழையோடு நாற்றுமேடை, மாசியில் அறுவடை என்பது கணக்கு.

விளைந்தது காசாவதற்கு வீதி வேண்டும். குடாநாட்டைத் தென்னிலங்கையோடு இணைக்கும் கண்டி வீதி அரியாலையை ஊடறுத்தே செல்கிறது. ஆகவே இவ்வூரில் நின்று பார்த்தால் தோட்டத்தின் வரலாறும் வீதியின் வரலாறும் ஒன்றே.

1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் யாழ்ப்பாணத்து வெங்காயமும் மிளகாயும் உருளைக்கிழங்கும் லொறி லொறியாகக் கொழும்புக்குச் சென்றன. கல்வீடுகள் எழுந்தன. 1977இல் வந்த திறந்த பொருளாதாரம் அந்தச் செழிப்பை முறித்தது. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது, உரமும் எரிபொருளும் தடைப்பட, நீரிறைக்கும் இயந்திரங்கள் மண்ணெண்ணெய்க்குத் தவித்தன.

1995 அக்டோபர் 30 அன்று மாலை தொடங்கிய பெரும் இடப்பெயர்வை எவர் மறப்பார்? இலட்சக்கணக்கானோர் அரியாலையையும் செம்மணியையும் கடந்து, நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையில் நடந்தனர். அது ஐப்பசி மாதம்; நாற்றுமேடை போடும் பருவம். அடுத்த மாசியில் வலிகாமம் பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடந்தது. விதைக்கவும் ஆளில்லை, அறுக்கவும் ஆளில்லை. மக்கள் திரும்பத் தொடங்கியது 1996 சித்திரையிற்றான்.

2000 மே மாதத்தில் போர்முனை அரியாலைக்கே வந்தது. ஊர் மீண்டும் பெயர்ந்தது. 2002 ஏப்ரலில் வீதி திறந்தது; 2006 ஆகஸ்ட் 11 அன்று முகமாலையில் மீண்டும் மூடுண்டது. 2020 மார்ச்சிலோ போரே இல்லை. கொரோனாவுக்கான ஊரடங்கு, சரியாக அறுவடைக் காலத்தில், சந்தைகளை அடைத்தது.

திறந்த வீதியும் தனி வரமன்று. போர் முடிந்தபின் அதே வீதியால் தம்புள்ளை மரக்கறி வந்திறங்கியது. தோட்டக்காரன் விலைக்கு அதனோடு போட்டியிட வேண்டியதாயிற்று. 1977இன் பாடம் வேறு உருவில் திரும்பியது.

வீதியை எந்தப் படை எப்போது பிடித்தது என்று நாம் நாட்குறிப்புகளில் எழுதினோம், நாளேடுகளில் தலைப்பிட்டோம். அந்த நாள் எந்த மாதத்தில் விழுந்தது, அப்போது தோட்டத்தில் என்ன நின்றது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? அந்தக் கேள்வியைக் கேட்டாலன்றி இவ்வூரின் வரலாறு நிறைவு பெறாது.