மரவள்ளிக் கிழங்கின் நஞ்சு: உற்பத்தியா, கடத்தலா?

மரவள்ளிக் கிழங்கில் சேரும், சயனைடு தரும் லினமரின் என்ற நஞ்சு இலையில் உருவாகி வேருக்கு இறங்குகிறது. ஆகவே கிழங்கின் கசப்பைத் தீர்மானிப்பவை இலையின் உற்பத்தி மரபணுக்களே. நெடுங்காலமாக ஏற்கப்பட்டுவரும் இவ்வாதத்தின் முதற்பாதி சரி. பிற்பாதிக்கோ, அது சான்று காட்டும் சோதனையே இடம் தரவில்லை.

2003-இல் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த சோதனை அது. லினமரின் உற்பத்தியின் முதற்படிக்குரிய சிஒய்பி79டி1, டி2 மரபணுக்களைச் சில செடிகளில் இலையிலும் வேறு சிலவற்றில் வேரிலும் ஒடுக்கினார்கள். வேரில் அவற்றின் ஆர்என்ஏ தென்படாத அளவுக்குக் குறைந்தும் அங்கே லினமரின் குறையவில்லை. இலையில் ஒடுக்கியபோது இலையின் லினமரின் 60 முதல் 94 விழுக்காடு குறைந்தது. வேரில் 99 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது.

இவ்விரு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். இலை அனுப்புவதை வேர் அப்படியே பெறுகிறது என்றால், இரண்டும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இறங்கியிருக்கும். 60 விழுக்காடு குறைந்த இலையில் பத்தில் நான்கு பங்கு எஞ்சியிருக்க, வேரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. இலை தன் தேவைக்கு நிறுத்திக்கொண்டு மிஞ்சியதையே அனுப்புகிறது என்று கொள்வதே பொருத்தம். உற்பத்திக்கும் சேமிப்புக்கும் நடுவே ஒரு மடை இருக்கிறது.

இலையில் ஒடுக்கப்பட்ட அச்செடிகள் அம்மோனியா இல்லாமல் வளரவில்லை. எனவே இது வெறும் தழைச்சத்துப் பற்றாக்குறையின் விளைவு என்று மறுக்கலாம். ஆனால் பற்றாக்குறையில் ஏற்றுமதி நிற்கிறது என்பதும் மடை உண்டு என்றே சொல்கிறது.

பல ரகங்களின் மரபணுத்தொகையை ஒப்பிட்டு 2021-இல் வெளியான ஆய்வு இதை வலுப்படுத்துகிறது. கிழங்கின் சயனைடு வேறுபாட்டோடு அதில் பிணைந்து நின்றவை 16-ஆம் குரோமோசோமில் 'மேட்' வகைக் கடத்திப் புரதத்தின் மரபணுவும், 14-ஆம் குரோமோசோமில் ஒரு புரோட்டான் பம்பின் மரபணுவும். பிணைப்பைக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் இரண்டுமே கடத்தல் சார்ந்தவை என்பதைத் தற்செயல் என ஒதுக்க எனக்கு மனமில்லை. கிழங்கில் நஞ்சு குறைந்த இனிப்பு ரகங்களின் இலையிலும் சயனைடு மிகுந்திருப்பது இதனோடு ஒத்துப்போகிறது.

கடத்தலின் தடம் கிழங்குக்குள்ளும் தெரிகிறது. சிங்கப்பூரின் செங்காங் சந்தையில் வாங்கும் கிழங்கைக் கீறினால் பழுப்புத் தோலோடு தடித்த உள்பட்டையும் கழன்று வரும். உணவுச்சாறு கடத்தும் திசு இருப்பது அப்பட்டையில். நஞ்சும் சதையைவிட அங்கேதான் செறிவு. ஒரே இலைகளிலிருந்து வந்தது ஒரே கிழங்குக்குள் சமமாகப் பரவவில்லை.

இதன் பயன் நடைமுறை சார்ந்தது. ஒரு கிலோ பச்சைக் கிழங்கில் ஹைட்ரஜன் சயனைடு 50 மில்லிகிராமுக்குக் குறைந்தால்தான் பன்னாட்டு உணவுத் தர நெறியான கோடெக்ஸ் அதை இனிப்பு மரவள்ளி என்கிறது. அந்த வரம்பை எட்ட உற்பத்தி மரபணுக்களைச் செடி முழுவதும் முடக்கினால், பூச்சிகளுக்கு எதிரான இலையின் காப்பும் போய்விடும். கடத்தியை மட்டும் திருத்தி, ஒரே செடியின் இலை, தண்டுப்பட்டை, கிழங்குச் சதை மூன்றிலும் ஒரே நேரத்தில் லினமரினை அளக்க வேண்டும். இலையில் நஞ்சு நிலைத்து, சதையில் குறைந்தால் பழைய வாதத்தின் பிற்பாதியைக் கைவிட வேண்டியதுதான்.