தாது வருஷத்துப் பத்திரம்

வரலாறு என்றால் மன்னர் வரலாறு என்றே பலரும் எண்ணுகின்றோம். ஏர் பிடித்த எளியவனுக்கும் வரலாறு உண்டு. அது பெரும்பாலும் வீட்டுப் பெட்டியின் அடியிலே கிடக்கும்.

திருப்பூருக்குத் தெற்கே, பல்லடம் பக்கத்துச் சிற்றூர் ஒன்று எங்கள் பூர்விகம். இன்று விசைத்தறி ஓசை கேட்கும் அவ்வூரில், அன்று கிணறுதோறும் கவலை இறைக்கும் ஓசையே கேட்டது. என் பாட்டனாரின் பாட்டனாருடைய தோட்டத்தைப் பக்கத்துத் தோட்டத்தார் வஞ்சித்து எழுதிக்கொண்டார் என்பது எங்கள் குடும்பத்தின் வழிவழிப் பேச்சு. அதனால் இரு வீட்டாரும் தலைமுறைகளாக ஒருவர் வாசலை ஒருவர் மிதித்ததில்லை.

தந்தையார் மறைந்தபின் பெட்டியைத் திறந்தேன். பட்டா, வரி இரசீதுகள், ஒரு கிரயப் பத்திரம் ஆகியன கிடைத்தன. தாமஸ் மன்றோ சென்னை ஆளுநராயிருந்த 1820-1827 காலத்தில் வேரூன்றிய ரயத்துவாரி முறையில், அரசாங்கம் உழவனிடமே நேராக வரி வாங்கியது. ஆகவேதான் சிறு உழவன் பெயரும் ஏட்டில் ஏறியது.

பத்திரத்தில் ஆங்கிலத் தேதி இருந்த ஓரம் செல்லரித்துப் போயிருந்தது. தாது வருஷம், தை மாதம் என்பது மட்டும் தெரிந்தது. தமிழ் ஆண்டுகள் அறுபதும் சுழன்று வருவன அல்லவா? அந்தத் தை 1817இலும் வரும், 1877இலும் வரும், 1937இலும் வரும். எதைக் கொள்வது? முத்திரைத் தாளில் விக்டோரியா அரசியின் உருவம் இருந்தது. அவர் அரியணை ஏறியது 1837இல், மறைந்தது 1901இல். ஆகவே ஆண்டு 1877 என்பது உறுதியாயிற்று.

1876இல் பருவமழை பொய்த்து, சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் சூழ்ந்தது. கோவை மாவட்டமும் தப்பவில்லை. 1877 தொடக்கத்தில், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரி வகுத்தார். அந்நாளில்தான் எங்கள் தோட்டம் கைமாறியது. காரணமும் பத்திரத்திலேயே இருந்தது: வரி பாக்கி, வீட்டுச் சாப்பாடு. கீழே பாட்டனாரின் கைக்கீறல்.

அடுத்த வரியே என்னைத் தலைகுனிய வைத்தது. பாட்டனாருக்கு மிஞ்சிய சிறு நிலத்துக்கென, கிணற்று நீரில் நான்கில் ஒரு பங்கை வாங்கியவர் விட்டுக்கொடுத்திருந்தார். பஞ்ச காலத்து விலை மலிவுதான். எனினும், வஞ்சகன் விடுகின்ற நீரன்று அது.

சென்ற பொங்கலன்று பத்திரத்துடன் அவ்வீட்டு வாசலை மிதித்தேன். பெரியவர் முழுவதும் படிக்கச் சொல்லிக் கேட்டார். பின்பு உள்ளே திரும்பி, எனக்கு மோர் கொண்டுவரச் சொன்னார்.

மாணவர்களே, நீங்களும் உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கிடைப்பது பெருமையாக இராமற் போகலாம். உண்மையாக இருந்தால் போதும்.