சீனத் தூரிகை ஓவியம்

சீனத் தூரிகை ஓவியம் என்பது மையும் நீரும் தோய்ந்த தூரிகையால் தாளிலோ பட்டிலோ வரையப்படும் சீன மரபுக் கலை. மலையும் நீரும், பூவும் பறவையும் இதில் பெரிதும் வரையப்படுகின்றன. தாளில் ஊறிய மையை அழித்துத் திருத்த முடியாது. ஆகவே, வரையப்போவதை நெடுநேரம் உற்றுநோக்கி மனத்தில் வாங்கிக்கொள்வதே முதற்பயிற்சி.

கருவிகள்

தூரிகை, மை, தாள், மைக்கல் ஆகிய நான்கும் அடிப்படைக் கருவிகள். பைன் மரக் கரிப்புகையை விலங்குப் பசையுடன் பிசைந்து உலர்த்திய மைக்கட்டியை, சந்தனம் உரைப்பதுபோல் மைக்கல்லில் நீர்விட்டு உரைப்பர். ஆன்ஹுய் மாகாணத்தின் சுவான் தாள் பெயர்பெற்றது. அதன் செய்முறையை 2009இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. படிகாரம் பூசாத தாளில் மை பட்டவுடன் பரவும். சில வீச்சுகளில் உருவத்தை உணர்த்தும் ‘சியேயி’ முறைக்கு அது ஏற்றது. படிகாரமும் பசையும் பூசிய தாள் நுண்கோடுகளாலான ‘கொங்பி’ முறைக்கு உரியது.

பயிற்சி

மூங்கில், ஓர்க்கிட், பிளம் பூ, செவ்வந்தி ஆகியன ‘நான்கு சான்றோர்’ எனப்படும் பயிற்சிப் பாடங்கள். மூங்கில் தண்டு அடியிலிருந்து மேல்நோக்கிக் கணுக்கணுவாக எழும். தூரிகையை அழுத்தி, தளர்த்தி இழுத்து, மீண்டும் அழுத்தி எடுப்பர். கணுவுக்குக் கணு சிறு வெண்ணிடைவெளி விடுவர். இலையோ அழுத்தித் தொடங்கி, கையை மெல்ல உயர்த்திக் கூர்நுனியில் முடிக்கும் ஒரே வீச்சு. 1679இல் முதற்பகுதி வெளிவந்த ‘கடுகுவிதைத் தோட்டக் கையேடு’ இத்தகைய பாடங்களைத் தலைமுறைகளுக்குக் கற்பித்தது.

கோட்பாடு

6ஆம் நூற்றாண்டளவில் சீனக் கலை விமர்சகர் சியே ஹே வகுத்த ஆறு விதிகளில் முதலாவது, ஓவியத்தில் உயிர்த்துடிப்பு இயங்க வேண்டும் என்பது. யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்த சேர் முத்துக் குமாரசுவாமியின் மகனான கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி (1877–1947), இவ்விதிகளையும் இந்திய ஓவிய மரபின் ஆறு அங்கங்களையும் 1934இல் வெளிவந்த ‘கலையில் இயற்கையின் உருமாற்றம்’ என்ற ஆங்கில நூலில் சேர்த்து ஆராய்ந்தார். புறத்தோற்றத்தை நகலெடுப்பது ஆசியக் கலையின் நோக்கமன்று என அவர் காட்டினார்.

சாந்திநிகேதனில்

1924இல் கவிஞர் தாகூருடன் சீனா சென்ற, வங்காளத்துச் சாந்திநிகேதனின் ஓவியர் நந்தலால் போஸ், கிழக்காசியத் தூரிகை முறையைத் தம் ஓவியங்களில் ஆழமாகப் பயன்படுத்தினார். அதே ஆண்டு அவருடைய மாணவர் வினோத் பிகாரி முகர்ஜி, 44 அடி நீளச் சுருளில் சாந்திநிகேதன் காட்சிகளை வரைந்தார். 1937இல் சீன அறிஞர் தான் யுன்-ஷானின் முயற்சியால் அங்கே சீன பவனம் என்ற சீனவியல் நிலையம் திறக்கப்பட்டது. குதிரை ஓவியங்களால் புகழ்பெற்ற சூ பெய்ஹோங் 1939இல் அங்கு வந்து தங்கினார். சாந்திநிகேதன் ஓவியர்கள் தூரிகை முறையைக் கடன்வாங்கினாலும், வங்காளத்துச் செம்மண் நிலத்தையும் பனைகளையுமே வரைந்தனர்.

கொடிகாமத்தில் பயில

அவ்வாறே, இலங்கையின் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏ-9 வீதியில் தென்மராட்சியில் அமைந்த கொடிகாமத்தில் இக்கலையைப் பயில, மூங்கிலுக்கு நிகரான பாடம் பனை. நீர் குறைந்த தூரிகையை இழுத்தால் தண்டின் சொரசொரப்பு பதியும். ஓலைக்கு மட்டையின் முனையிலிருந்து வெளிநோக்கி விசிறும் வீச்சுகள் வேண்டும். மட்டைக் கருக்குக்குத் தூரிகை நுனியே போதும். காவோலையும் குருத்தோலையும் மையின் வெவ்வேறு அடர்த்தியைக் கேட்பவை. நாள்தோறும் கண்முன் நிற்கும் மரத்தை இவ்வாறு வரைபவரும் இம்மரபின் நோக்கத்தை நிறைவேற்றுகிறார்.