ஆங்கில நாடகங்களும் நம் திரைகளும்: செய்யுள் போன வழி

ஆங்கில நாடகங்கள் தமிழுக்கு வந்த வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஒரு பட்டியலைத் தந்து அமைவர். எந்த நாடகம் எந்தப் பெயரில் மேடையேறியது, எது படமாயிற்று என்று அப்பட்டியல் நீளும். பயனுள்ள பணிதான். ஆயினும் கவிஞர்கள் கூடிய ஒரு வட்டத்தின் மலரில் எழுதும்போது வேறொரு கேள்வி முன்வந்து நிற்கிறது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் பெரும்பகுதி செய்யுள். கதை கடல் தாண்டி வந்தது. பாத்திரங்கள் பெயர் மாறி வந்தார்கள். அந்தச் செய்யுள் என்னவாயிற்று? மேடையிலிருந்து சினிமாவுக்கும், சினிமாவிலிருந்து வீட்டுக் கூடத்துத் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் நாடகம் குடிபெயர்ந்தபோது அது எங்கே போய்ச் சேர்ந்தது?

இதைத் திருவாலங்காட்டில் இருந்துகொண்டு கேட்பதில் ஒரு பொருத்தம் உண்டு. இது கூத்தின் ஊர். ஐந்து சபைகளுள் இரத்தின சபை இங்கே உள்ளது. காளியோடு இறைவன் ஆடிய ஆடற்போட்டியே தலபுராணம். அந்த ஆடலைப் பாடிய காரைக்கால் அம்மையாரே நம் ஊரின் முதற்கவி. அம்மையார் இத்தலத்தின்மேல் பாடிய மூத்த திருப்பதிகங்கள் இரண்டும் பண்ணோடு அமைந்தவை. ஒன்று நட்டபாடை, மற்றது இந்தளம். அவரது அற்புதத் திருவந்தாதியோ வெண்பாவால் ஆனது. வெண்பாவுக்கு உரியது செப்பலோசை என்பது யாப்பிலக்கணம். ஒருவர் ஒருவருக்குச் சொல்லும் தொனி அது. பாடுவதற்கு ஒரு வழி, சொல்வதற்கு ஒரு வழி என இரண்டையும் ஒரே கவி கையாண்டிருக்கிறார்.

மேடை அப்படி இரண்டையும் ஏற்றுக்கொள்ளவில்லை. நம் பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். வேடம் திரைக்குப் பின்னால் நின்றே பாடத் தொடங்கும். விருத்தமும் தருவுமாகப் பாட்டு ஓடும். பாட்டில் வந்த செய்தியைப் பிறகு வசனத்தில் விரிப்பார்கள். கட்டியங்காரன் குறுக்கே புகுந்து கேள்வி கேட்பான். உணர்ச்சி பாட்டுக்கு, கதை வசனத்துக்கு என்று பங்கு பிரிந்திருக்கும். செய்யுளை இராகமில்லாமல் பேசுவது என்ற மூன்றாவது வழி அங்கே இல்லை. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், திறந்தவெளியில், விடிய விடிய, கடைசி வரிசையில் சாய்ந்திருப்பவன் காதிலும் விழவேண்டிய கலைக்கு அது தேவைப்படவும் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ஷேக்ஸ்பியரின் எதுகையற்ற செய்யுள் நடப்பது சரியாக அந்த மூன்றாவது வழியில்தான். வந்த விருந்தாளிக்குப் பழக்கமான திண்ணை நம் வீட்டில் கட்டப்பட்டிருக்கவில்லை.

1891ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் இருமுறை வருகிறது. பெல்லாரி வழக்கறிஞர் தர்மவரம் ராமகிருஷ்ணமாச்சார்லுவின் சரச வினோதினி சபை அவ்வாண்டு சென்னையில் தெலுங்கு நாடகங்களை நடத்தியது. அதுவரை தமிழ் நாடகத்தை ஏளனமாக எண்ணியிருந்த ஓர் இளைஞர் அவற்றைப் பார்த்தார். படித்தவர்கள், மதிப்புள்ள தொழில் உடையவர்கள், வேடமிட்டு நடிப்பதைக் கண்டு மனம் மாறினார். அவரே பம்மல் சம்பந்த முதலியார். 1891 ஜூலை முதல் நாள் சுகுண விலாச சபை பிறந்தது. பெல்லாரியிலிருந்து குண்டக்கல், கடப்பை, ரேணிகுண்டா, அரக்கோணம் என்று இறங்கும் இருப்புப்பாதை சென்னையை அடையுமுன் நம் ஊரைக் கடந்தே செல்கிறது. அந்தத் தெலுங்கு நடிகர்களும் இவ்வழியேதான் போயிருக்க வேண்டும். திருத்தணி வட்டமே 1960 ஏப்ரல் வரை ஆந்திரத்தில் இருந்தது என்பதை நினைத்தால், தமிழ் மேடையின் பொறி எல்லைக்கு அப்பாலிருந்து நம் வாசல் வழியாகப் போனதில் வியப்பொன்றும் இல்லை.

சம்பந்தனார் ஹாம்லெட்டை ‘அமலாதித்தன்’ ஆக்கினார். தாமே அப்பாத்திரத்தில் நடித்தார். வெனிஸ் வணிகன் ‘வாணீபுர வணிகன்’ ஆயிற்று. மாக்பெத் ‘மகபதி’ ஆனான். சிம்பலைன் ‘சிம்ஹளநாதன்’ ஆனான். பெயர்களை ஒலியொத்துத் தமிழாக்கும் அந்தச் சாமர்த்தியத்தை இன்றும் ரசிக்கலாம். ஆனால் நாடகத்தின் உடலாக அவர் கொண்டது உரைநடை. விடிய விடியப் பாடிய மேடையைச் சில மணி நேரத்துக்குள் அடக்கி, பாத்திரங்களைப் பேசவைப்பதே அவர் செய்த புரட்சி. பாட்டின் ஆதிக்கத்திலிருந்து பேச்சை மீட்க வந்தவரிடம் பேச்சைச் செய்யுளிலும் அமைத்திருக்கலாமே என்று கேட்பது நியாயமாகாது. அவருடைய காலத்தின் அவசரம் வேறு.

அதே 1891இல்தான் பேராசிரியர் சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ அச்சேறியது. லிட்டன் பிரபுவின் ‘இரகசிய வழி’ என்ற கவிதைக் கதையை அடியொற்றி, ஆங்கில நாடக முறையில் அங்கமும் களமுமாகப் பிரித்து, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அடிகளில் ஆசிரியப்பாவால் எழுதப்பட்ட நூல் அது. மூல நூல் நாடகமன்று; ஆயினும் ஷேக்ஸ்பியரின் நாடக வடிவத்தைத் தமிழ் யாப்பில் வார்க்க முயன்ற முதல் பெருமுயற்சி இதுவே என்பது என் கருத்து. ஆசிரியப்பாவை அவர் தேர்ந்தது தற்செயலன்று. அகவலோசை பேச்சுக்கு மிக அருகில் நிற்பது. பொருள் ஓர் அடியின் நடுவில் முடிந்து அடுத்த அடிக்குள் புதிதாய்த் தொடங்க அது இடம் தரும். ஓர் அடியையே இரண்டு பாத்திரங்கள் பகிர்ந்து பேசவும் இடம் தரும்; சுந்தரம் பிள்ளை அப்படியும் செய்திருக்கிறார். கவிதை எழுதும் நண்பர்கள் அந்த இடங்களைத் தேடிப் படிக்க வேண்டும். ஆனால் நூல் படிப்பதற்கு உரிய நாடகம் என்று பெயர் வாங்கிப் புத்தக அலமாரியில் நின்றுவிட்டது. பேச ஆள் கிடைக்காத செய்யுள் பாடத்திட்டத்துக்குள் போயிற்று.

சினிமா வந்தபோது செய்யுளுக்கு இன்னும் இடம் குறைந்தது. 1937இல் வெளிவந்த ‘அம்பிகாபதி’யை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் தமிழறியாத அமெரிக்கர். காதல் காட்சிகளுக்காக ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தில் சில பகுதிகளைக் குறித்துக் கொடுத்தார். இளங்கோவன் அவற்றின் சாயலில் வசனம் எழுதினார். நூறு பாடல்களைப் பாடி முடிப்பதில் உயிரே தொங்கிக்கொண்டிருந்த ஒரு கவிஞனின் கதை அது. அதில் ஷேக்ஸ்பியரின் செய்யுள் வந்து இறங்கியது அழகிய உரைநடையாக. அந்த நடை நன்றாயிருந்ததால் பின்வந்தோர் அதையே பின்பற்றினர். 1940இல் ‘ஷைலக்’ வந்தது. 1942இல் மாடர்ன் தியேட்டர்ஸார் டி.ஆர். சுந்தரத்தின் இயக்கத்தில் பி.யு. சின்னப்பாவையும் டி.ஆர். ராஜகுமாரியையும் வைத்து ‘மனோன்மணி’யை எடுத்தனர். ஆசிரியப்பாவில் பேசிய பாத்திரங்கள் திரையில் வசனம் பேசி, இடையிடையே பாடினார்கள். கூத்தின் பழைய பங்கீடு மின்விளக்கு வெளிச்சத்தில் மறுபடியும் நிலைபெற்றது. ‘பன்னிரண்டாம் இரவு’ 1949இல் ‘கன்னியின் காதலி’ ஆயிற்று. கண்ணதாசனின் முதல் திரைப்பாடல் அதில்தான் இடம்பெற்றது. ஓர் ஆங்கில நாடகம் திரைக்கு வந்தபோது நமக்கு ஒரு பாடலாசிரியர் கிடைத்தார். அது பேரிழப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆயினும் கவி நுழையக்கூடிய வாசல் பாட்டு ஒன்றே என்பதும் அதோடு உறுதியாயிற்று. லியர் மன்னனின் சாயலில் கே.வி. ரெட்டி தெலுங்கில் எடுத்த ‘குணசுந்தரி கதா’ 1949இல் வந்தது. அது தமிழிலும் வந்தது. 1963இல் ‘அறிவாளி’ அடங்காப்பிடாரியை அடக்கிய கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னது. இவற்றைப் பற்றி இங்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

‘மனோகரா’வைப் பற்றி மட்டும் ஒரு சொல். சம்பந்தனார் எழுதிய அந்நாடகம் மொழிபெயர்ப்பு அல்ல. எனினும் தாயின் அவமானம் கண்டு கொதிக்கும் இளவரசனில் ஹாம்லெட்டின் நிழல் விழுந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. 1954இல் கலைஞர் கருணாநிதியின் வசனத்தில் அது படமாகியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்ட சிவாஜி கணேசன் பேசியதை உரைநடை என்று சொல்ல இலக்கணம் இடம் கொடுக்கும். காது இடம் கொடுக்காது. மோனையும் எதுகையும் அடுக்கும் கொண்டு, மூச்சின் அளவுக்கு வெட்டிய வரிகள் அவை. வாசல் வழியாக நுழையவிடாத செய்யுள் சன்னல் வழியாக வந்துவிட்டது. ஆனால் அது முழங்கும் செய்யுள். கொட்டகையின் கடைசி பெஞ்சுக்காக எழுதப்பட்டது. ‘இரத்தத் திலகம்’ படத்தில் 1963இல் ஒதெல்லோவும், ‘ராஜபார்ட் ரங்கதுரை’யில் 1973இல் ஹாம்லெட்டும் சிவாஜியின் உருவில் தோன்றினார்கள். அங்கே அந்தச் செய்யுள் ஆங்கிலமாகவே நின்றது. நாடகத்துக்குள் நாடகமாக, மாலை போட்டு உட்கார வைத்த விருந்தாளியாக.

இப்போது சிறிய திரைக்கு வருவோம். ஆங்கிலேயரின் வீட்டில் இதே கேள்வி வேறு விதமாக எழுந்தது. 1937 பிப்ரவரி 5ஆம் நாள் பி.பி.சி. தொலைக்காட்சி ஷேக்ஸ்பியரின் ‘விரும்பிய விதமே’யிலிருந்து சில நிமிடக் காட்சியை ஒளிபரப்பியது. 1960இல் ஆங்கில அரசர் நாடகங்கள் எட்டையும் பதினைந்து பகுதிகளாக நேரலையில் நடித்துக் காட்டினார்கள். 1978 முதல் 1985 வரை 37 நாடகங்களையும் ஒன்றுவிடாமல் பதிவு செய்தார்கள். இந்த 37இல் பல சோர்வு தருபவை என்று அவர்கள் நாட்டு விமரிசகர்களே எழுதினர்; அட்டையில் செய்த அரண்மனைக்குள் மேடைக்குரலில் பேசினால் பெட்டிக்குள் அது எடுபடாது. ஜொனாதன் மில்லர் தயாரிப்பாளராக வந்தபின் பழைய ஓவியங்களின் ஒளியைக் கொண்டுவந்து சிலவற்றைக் காப்பாற்றினார்.

வழி காட்டியது வேறொன்று. டிரெவர் நன் 1976இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒரு சிறு தகரக் கொட்டகை அரங்கில் மாக்பெத்தை நடத்தினார். அலங்காரம் இல்லை, வட்டமாகச் சில இருக்கைகள், சுற்றிலும் இருட்டு. அது தொலைக்காட்சிக்காகப் படமாக்கப்பட்டு 1979 ஜனவரியில் ஒளிபரப்பாயிற்று. இயன் மக்கெல்லனும் ஜூடி டெஞ்சும் கொலையைப் பற்றிப் பேசுவது அடுத்த அறையில் உறங்குபவர் விழித்துக்கொள்வாரோ என்று அஞ்சும் குரலில். குளோசப் என்று சினிமாக்காரர்கள் சொல்லும் அண்மைக் காட்சியில் முகம் மட்டும் நிற்கிறது. அந்தக் கிசுகிசுப்பிலும் ஒரு சீர் தவறவில்லை. செய்யுளை முழக்கமின்றி, இராகமின்றி, பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வதுபோல் சொல்லலாம் என்று அது நிறுவியது. நம் யாப்பின் சொல்லில் கூறினால், செப்பலோசைக்கு ஏற்ற மேடை கடைசியில் இந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது.

நமக்கும் அந்தப் பெட்டி வந்தது. 1975 ஆகஸ்ட் 15இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை இரவென்றால் நாடகம், வெள்ளிக்கிழமையென்றால் ‘ஒலியும் ஒளியும்’ என்று தெருவே ஒரு வீட்டில் கூடிய காலத்தை மூத்த உறுப்பினர்கள் மறந்திருக்கமாட்டார்கள். செவ்வாய் நாடகங்களில் பெரும்பாலானவை சபா மேடையின் குடும்பக் கதைகளும் சிரிப்பு நாடகங்களும்தான். அவற்றில் நல்லவை இருந்தன. பேச்சுத் தமிழை இயல்பாகப் பேசும் நடிகர் கூட்டம் ஒன்று அங்கே உருவாயிற்று. அந்த வாரக்கிழமைகளையே பாருங்கள்: வசனத்துக்கு ஒரு நாள், பாட்டுக்கு ஒரு நாள். கூத்தின் பங்கீடு நாட்காட்டியிலும் ஏறிவிட்டது! செய்யுள் பேச ஒரு புதன்கிழமை ஒதுக்கப்பட்டதில்லை.

‘மனோன்மணீய’த்தின் அத்தனை அடிகளுள் தமிழர் எல்லோரும் அறிந்தவை அதன் பாயிரத்தில் வரும் தமிழ்த் தெய்வ வணக்கத்தின் சில அடிகளே. 1970இல் அரசு அவற்றைத் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது, எம்.எஸ். விசுவநாதன் இசையமைத்தார், 2021இல் அது மாநிலப் பாடல் என அறிவிக்கப்பட்டது. 55 விநாடியில் பாடி முடிக்க வேண்டும் என்பது ஆணை. அந்த அடிகளும் பாட்டாகித்தான் பிழைத்தன.

இனி ஒளிபரப்பு நிலையத்தின் தயவுக்கு யாரும் காத்திருக்க வேண்டியதில்லை; ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு கேமரா இருக்கிறது. நம் வட்டத்தின் பதினோராம் ஆண்டில் ‘மனோன்மணீய’த்தின் ஒரு களத்தை எடுத்துக்கொண்டு, நம்மில் இருவர் கைப்பேசிக்கு ஒரு முழ தூரத்தில் அமர்ந்து, பாடாமலும் முழங்காமலும் அந்த ஆசிரியப்பாவைப் பேசிப் பதிவு செய்து பார்க்கலாம். ஜீவக மன்னனும் அமைச்சன் குடிலனும் சந்திக்கும் இடம் எதுவாயினும் சரி. குடிலன் மெல்லப் பேசவேண்டியவன். குரலை உயர்த்தினால் அரசனுக்குச் சந்தேகம் வந்துவிடும்.