சயரோகக் கிருமியும் சோதனைக் குழாயும்

வவுனியாவிலிருந்து கண்டி வீதியில் வடக்கே ஏழெட்டுக் கட்டை சென்றால் வருவது ஓமந்தை. குளத்தையும் வயலையும் நம்பி வாழும் கமக்காரர் ஊர். அத்தகைய ஊரில் ஒருவருக்குச் சயரோகம் என்று கண்டால், முற்காலத்தில் அவருக்கு விதிக்கப்பட்டது பிரிவு. வீட்டையும் காணியையும் விட்டு, காங்கேசன்துறையிலோ வேறெங்கோ இருந்த காசநோய் விடுதியில் மாதக்கணக்காகக் கிடக்க வேண்டும். இன்று அதே நோயாளி தம் வீட்டிலிருந்தபடியே மாத்திரை உண்டு குணமடைகிறார். இந்த மாற்றத்துக்குத் துணிவு அளித்தவற்றுள் முதன்மையானவை, சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆய்வுகூடத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருந்த சோதனைக் குழாய்களே.

சயரோகக் கிருமியை 1882ஆம் ஆண்டில் ரொபேட் கொக் கண்டுபிடித்தார். அதைக் கொல்லும் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கிடைக்க 1943 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மருந்து வந்த மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. தேறி வந்த நோயாளர் பலர் சில மாதங்களில் மீண்டும் மெலிந்தனர். காரணம் எளிது. நுரையீரலிற் பெருகியிருக்கும் கோடிக்கணக்கான கிருமிகளுள் ஒரு சில இயல்பாகவே அம்மருந்துக்கு அடங்காதவை. அடங்குபவை மடிய, அடங்காதவை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால், ஒன்றுக்குத் தப்பியது மற்றதற்கு மடியும். எனவே பாரா அமினோ சாலிசிலிக் அமிலத்தைத் துணைசேர்த்தனர்; 1952 முதல் ஐசோனியாசிட்டும் கிடைத்தது.

ஆயினும் ஒரு நோயாளியின் கிருமி எந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்பதை எவ்வாறு அறிவது? சளியைக் கண்ணாடித் தகட்டிற் பூசிச் சாயமேற்றிப் பார்த்தால் கிருமி இருப்பது தெரியும்; அதன் குணம் தெரியாது. குணத்தை அறிய அதை வளர்த்தாக வேண்டும். மற்றக் கிருமிகள் பலவற்றுக்கு இது ஓரிரவு வேலை. மருந்து தோய்த்த சிறு காகித வட்டுகளைக் கிருமி பூசிய தட்டில் வைத்துவிட்டால், மறுநாட் காலையில் வட்டைச் சுற்றி வெறுமையான வளையம் தோன்றியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லிவிடலாம். சயரோகக் கிருமியிடம் இந்த அவசரம் செல்லாது. குடற் கிருமி ஒன்று இருபது நிமிடத்தில் இரண்டாகப் பிரியும். இதற்கோ ஏறக்குறைய ஒரு நாளே வேண்டும்.

ஆகவே அதற்கென்று ஓர் உணவு சமைக்கப்பட்டது. கோழிமுட்டையை அடித்து, உப்புகளும் பச்சைச் சாயமும் கலந்து, குழாய்களில் ஊற்றிச் சரித்துவைத்துச் சூடேற்றினால் அது இறுகிப் பச்சைநிறச் சரிவாக நிற்கும். லோவன்ஸ்டைன், ஜென்சன் என்னும் இருவர் பெயரால் வழங்கும் ஊடகம் இது. நோயாளியின் சளியைக் காரத்தால் சுத்தி செய்து, பிற கிருமிகளை ஒழித்து, இதன்மேல் இடுவர். மூன்று வாரம் முதல் எட்டு வாரம் கழித்து, உதிர்த்த பாண்துகள் போன்ற வெளிர்மஞ்சட் கூட்டங்கள் தோன்றும். பின்னர் அவற்றை எடுத்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு மருந்து கலந்த குழாய்களில் மீண்டும் விதைத்து, இன்னும் நான்கு வாரமாவது காத்திருப்பர்.

வளர்ந்துவிட்டால் எதிர்ப்பு என்று தீர்ப்புக் கூறிவிடலாமா? அங்கேதான் சிக்கல். மருந்தின் வலு சமைக்குந்தோறும் சற்று மாறும். ஆகவே பிரித்தானியாவின் டெனிஸ் மிச்சிசன் முதலியோர் எச்37ஆர்வி என்ற நியமக் கிருமியையும் அருகிலேயே வளர்த்து ஒப்பிட்டனர். அதை அடக்கும் அளவைப்போல் எட்டு மடங்கு மருந்து இட்டால்தான் நோயாளியின் கிருமி அடங்கும் என்றால், அது எதிர்ப்புக் கிருமி. பாரிசில் ஜோர்ஜ் கனெற்றி வேறு வழி கண்டார். 1963இல் வெளியான அவர் முறையில், மருந்துள்ள குழாயில் முளைத்தவை, மருந்தில்லாக் குழாயில் முளைத்தவற்றுள் நூற்றுக்கு ஒன்று என்ற அளவை எட்டினால் எதிர்ப்பு உண்டு.

இனிச் சேத்துப்பட்டு. அங்கே 1956இல் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் தொடங்கியபோது, எதிர்ப்பைப் பற்றிய அச்சமே வீட்டுச் சிகிச்சைக்கு எதிரான பெரும் வாதங்களுள் ஒன்று. ஏழை நோயாளி மாத்திரையை ஒழுங்காக உண்ணார். அவருடைய கிருமி எதிர்ப்படையும். அது பிள்ளைகளையும் தொற்றும் என்றனர். வொலஸ் பொக்ஸ் தலைமையில் அமைந்த குழு நோயாளரைக் குலுக்கல் முறையில் இரு கூறாக்கியது. ஒரு கூறு நல்லுணவும் ஓய்வும் உள்ள விடுதிக்குச் சென்றது. மறு கூறு சென்னையின் நெருக்கமான குடியிருப்புகளிலேயே தங்கியது. மருந்து இருசாராருக்கும் ஒன்றே. வீட்டிலிருந்தோரை எதிர்பாராத வேளையிற் சென்று கண்டு மாத்திரைகளை எண்ணினர். சிறுநீரைச் சோதித்து மருந்து உட்சென்றதா என்றும் பார்த்தனர். மாதந்தோறும் சளி அந்தப் பச்சைச் சரிவுகளுக்குச் சென்றது. முடிவு 1959இல் வெளியாயிற்று. ஓராண்டின் பின் நோய் அடங்கியோர் விடுதியில் நூற்றுக்கு 92, வீட்டில் 86. பின்னர் ஆண்டுக்கணக்காகக் கவனித்தபோது, வீட்டிலிருந்தோரின் குடும்பத்தாரிடையே நோய் மிகுந்ததாகவும் காணப்படவில்லை.

அச்சம் முற்றும் பொய்யென்று இதனாற் கொள்ளலாகாது. மருந்து இடையறுந்தால் எதிர்ப்பு வரும். 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்துக்குப் பின் ஓமந்தை வன்னிக்குச் செல்வோர் சோதிக்கப்படும் கடவையாயிற்று. 2009இல் இடம்பெயர்ந்தோர் பெருந்தொகையாக அவ்வழியே வந்தனர். ஆறு மாதம் தவறாது மாத்திரை உண்ணவேண்டிய ஒருவருக்கு அத்தகைய காலம் எத்துணை இடர் தரும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

1960களில் வந்த ரிபாம்பிசின், சிகிச்சையைக் குறுக்கிற்று. அதற்கு எதிர்ப்பை உண்டாக்கும் மாற்றங்கள் பெரும்பாலும் கிருமியின் ஒரே மரபணுவின் ஒரு சிறு பகுதியில் நிகழ்வது 1993இல் தெரியவந்தது. அதைப் படிக்கும் கருவியை உலகச் சுகாதார நிறுவனம் 2010இல் ஏற்றது. இரண்டு மணி நேரத்தில் விடை கிடைக்கிறது. ஆயினும் இலங்கையில் ஐயமான கிருமி வெலிசறையிலுள்ள தேசிய காசநோய் ஆய்வுகூடத்துக்கே செல்கிறது. மரபணுக் கருவி இறந்த கிருமியையும் உயிருள்ளது போலவே காட்டிவிடும். எல்லா மருந்துகளுக்கும் அது விடை சொல்வதும் இல்லை. உயிரோடு இருக்கிறதா, எந்த மருந்துக்கு அடங்கும் என்று அறிய, கிருமியை வளர்த்துப் பார்த்துக் காத்திருக்கத்தான் வேண்டும்.