தொற்று, தொத்து, ஒட்டுவாரொட்டி

தொற்று என்பது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பற்றிப் படர்தல். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரக் கரிசல் பேச்சில் இது ‘தொத்து’. நோய்க்கு மட்டும் உரிய சொல் அல்ல: பிள்ளை தாயின் இடுப்பில் தொத்திக்கொள்ளும், நகரும் பஸ்ஸில் ஆள் தொத்தி ஏறுவார், பயம், சிரிப்பு, கொட்டாவி எல்லாம் பக்கத்தில் இருப்பவரைத் தொத்தும். தீயென்றால் பெரும்பாலும் ‘பத்திக்கிச்சு’ என்பார்கள்.

‘ஒட்டுவாரொட்டி’ இதைவிடக் குறுகிய சொல். தொட்டாலோ, நெருங்கிப் பழகினாலோ வருகிற நோயையே அது சுட்டும். மலேரியா தொற்றுநோய்தான், ஆனால் கொசு வழியாகப் பரவுவது என்பதால் ஒட்டுவாரொட்டி ஆகாது. சொறிசிரங்குதான் இதற்குச் சரியான சான்று. கண்ணுக்குத் தெரியாத அளவிலான சிற்றுண்ணி தோலைக் குடைந்து முட்டையிடும். அரிப்பு இரவில் கூடும். முதல்முறை வருபவருக்கு அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். அதற்குள் ஒரே பாயில் படுப்பவருக்கும் வந்திருக்கும். ஆகவே சொறிகிற ஒருவருக்கு மட்டும் மருந்து பூசிப் பயனில்லை, வீட்டார் அனைவரும் ஒரே நேரத்தில் பூச வேண்டும்.

சின்னம்மையும் ஒட்டுவாரொட்டிதான். அது வந்த வீட்டில் வேப்பிலை சொருகி, ஆள் நடமாட்டத்தைக் குறைப்பது நல்ல வழக்கம். ஆனால் கொப்புளம் தெரிவதற்கு 1, 2 நாள் முன்பே அது பரவத் தொடங்கிவிடும். எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை பரவும்.

கால்நடைக்கும் இச்சொல் பொருந்தும். அறுவடை முடிந்த கரிசல் காட்டில் உரத்துக்காகப் பலருடைய ஆடுகளை ஒன்றாக அடைப்பது கிடை, இடைசெவல் எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் குறுநாவல் ஒன்றுக்கும் அதுவே தலைப்பு. ஆட்டுக்கொல்லி நோய் கண்ட ஓர் ஆடு உள்ளே வந்தால், சளியாலும் கழிச்சலாலும் மந்தைக்கே பரவும். முன்கூட்டிய தடுப்பூசிதான் காப்பு.

இச்சொல் மனிதருக்குச் செய்த பெருங்கேடு தொழுநோயாளிகளை ஒதுக்கியது. அந்நோய் எளிதில் ஒட்டாது. சிகிச்சை பெறாத நோயாளியுடன் நெடுநாள் நெருங்கிப் பழகினால்தான் பரவும், பழகியவர்களிலும் பெரும்பாலோருக்கு வராது. கூட்டு மருந்து தொடங்கிய பின் பரவுவதும் நின்றுவிடும். உலகச் சுகாதார நிறுவனம் அம்மருந்தை 1980களின் தொடக்கத்திலேயே பரிந்துரைத்தது. ஆயினும் இந்தியத் திருமணச் சட்டங்களில் மணவிலக்குக்கான காரணங்களில் ஒன்றாக இருந்த தொழுநோய் 2019இல்தான் நீக்கப்பட்டது.