இரண்டு கண்ணாடிகளும் ஒரு சீசியம் அணுவும்

குவாண்டம் தாவல் என்று ஒன்று உண்டா என்று கேட்டு எர்வின் ஷ்ரோடிங்கர் 1952இல் ஒரு கட்டுரை எழுதினார். தனியொரு அணுவையோ எலெக்ட்ரானையோ வைத்து யாரும் சோதனை செய்வதில்லை என்பது அதில் அவர் வைத்த வாதங்களுள் ஒன்று. மிருகக்காட்சிச் சாலையில் இக்தியோசாரஸ் வளர்ப்பதோடு அதை ஒப்பிட்டு நையாண்டியும் செய்தார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆவியாகவோ கற்றையாகவோ கணக்கில்லாத அணுக்கள் கூட்டமாகத்தான் அன்றைய ஆய்வாளர்களுக்குக் கிடைத்தன.

கால் நூற்றாண்டில் அந்த நையாண்டி பழசாகிவிட்டது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் சாமுவேல் ஹர்ஸ்ட்டும் கூட்டாளிகளும் 1977இல் வாயுவுக்குள் கிடந்த ஒற்றைச் சீசியம் அணுவை லேசரால் அடையாளம் கண்டார்கள். அணுவிலிருந்து ஓர் எலெக்ட்ரானை லேசர் பிடுங்கும், அந்த எலெக்ட்ரானை எண்ணினால் அணு இருந்தது தெரியும். ஆனால் கண்டுகொண்ட கணமே அது அயனியாகிவிடும். 1980இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் ஒரு குழு ஒற்றைப் பேரியம் அயனியைப் பொறியில் நிறுத்தி, அது ஒளிர்வதைப் படமெடுத்தது. அயனிக்கு மின்னூட்டம் உண்டு, மின்புலத்தால் பிடித்து வைக்கலாம். மின்னூட்டமில்லாத அணுவைச் சிதைக்காமல் பார்ப்பது எப்படி?

விடையின் வித்து 1946இலேயே இருந்தது. அணு ஒளியை உமிழும் வேகம் அதன் சுற்றுப்புறத்தைப் பொறுத்து மாறும் என்று எட்வர்ட் பர்செல் ஒரு சிறு குறிப்பில் சொல்லியிருந்தார். சுற்றுப்புறம் அணுவைப் பாதிக்குமென்றால், அணுவும் சுற்றியுள்ள ஒளியில் தடயம் விடும். பாரிஸில் செர்ஜ் அரோஷும் ஜெர்மனியின் கார்ஹிங்கில் ஹெர்பெர்ட் வால்தரும் 1980களில் மீக்கடத்திக் குழிகளுக்குள் நுண்ணலைகளை அடைத்து இதைச் சோதித்தார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கோ அதையொட்டிய அகச்சிவப்புக்கோ மீக்கடத்தி உதவாது. அதற்கு ஒளியை இழக்காத கண்ணாடி வேண்டும்.

அந்தக் கண்ணாடி விமானத் தொழிலிலிருந்து வந்தது. திசை காட்டும் லேசர் கைரோஸ்கோப்பில் இரு ஒளிக்கற்றைகள் எதிரெதிராகச் சுற்றிவரும். கண்ணாடி கொஞ்சம் ஒளியைச் சிதறடித்தாலும் ஒரு கற்றை மற்றதற்குள் கசிந்து இரண்டும் பூட்டிக்கொள்ளும். விமானம் மெதுவாகத் திரும்புவதைக் கருவி உணராது. இந்தத் தொல்லையைத் தீர்க்க 1970களில் அமெரிக்காவின் லிட்டன் நிறுவனத்தில் ஒரு பூச்சு முறையை உருவாக்கினார்கள். அயனிக் கற்றையால் பொருளைத் தெறிக்கவிட்டு, சிலிக்கான் ஆக்சைடையும் டாண்டலம் ஆக்சைடையும் அடுக்கடுக்காகக் கண்ணாடியில் படியவைப்பது அது. கோட்பாட்டாளர்களின் பெயர்கள் நிறைந்த இந்த வரலாற்றில் பூச்சு வேலைக்காரர்களுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில், அதாவது கால்டெக்கில், ஜெஃப் கிம்பிளின் குழு 1992இல் இப்படிப்பட்ட கண்ணாடிகளின் இழப்பை அளந்தது. ஒரு பிரதிபலிப்புக்கு 10 லட்சத்தில் 1.6 பங்குதான் இழப்பு. அந்த ஆய்வுத்தாளில் கண்ணாடி செய்த ரமின் லலேசாரியின் பெயரும் இருப்பது ஓர் ஆறுதல்.

இப்படிப்பட்ட இரண்டு கண்ணாடிகளை எதிரெதிரே வைத்தால் இடையில் ஓர் ஒளிக்குழி உருவாகும். ஃபோட்டான் லட்சக்கணக்கான முறை போய்வரும். நடுவில் ஓர் அணு நின்றால் அத்தனை முறையும் அதைச் சந்திக்கும். அணு இல்லாதபோது, சரியான அதிர்வெண் கொண்ட லேசர் ஒளி குழியைத் தடையின்றிக் கடந்துவிடும். அணு நுழைந்ததும் குழியின் ஒத்ததிர்வு இரண்டாகப் பிளந்து விலகுகிறது, வெளிவரும் ஒளி மங்குகிறது. கால்டெக் குழு 1996இல் லேசரால் குளிர்வித்த சீசியம் அணுக்களை மேலிருந்து விழவிட்டது. பெரும்பாலானவை இடுக்கைத் தவறவிட்டன. நுழைந்த ஒவ்வொன்றும், கடந்து முடிப்பதற்கு முன்பே, வரைபடத்தில் ஒரு பள்ளமாகத் தெரிந்தது.

2000இல் அதே குழு இடைவெளியைச் சுமார் 11 மைக்ரோமீட்டராகக் குறைத்தது. தலைமுடியின் தடிமனில் அது ஒரு சிறு பகுதிதான். குழிக்குள் சராசரியாக ஒரு ஃபோட்டான் அளவே ஒளி. ஆனாலும் அது அணுவைப் பிடித்தும் வைத்தது, காட்டியும் கொடுத்தது. கசிந்த ஒளியின் ஏற்ற இறக்கத்திலிருந்து, 10 மைக்ரோ விநாடியில் 2 மைக்ரோமீட்டர் துல்லியத்துடன் அணுவின் பாதையை வரைந்தார்கள். கிம்பிளிடம் முன்பு வேலை பார்த்த கெர்ஹார்ட் ரெம்பே, கார்ஹிங்கில் அதே ஆண்டு ருபிடியம் அணுவை இப்படியே பிடித்துக் காட்டினார்.

பிறகு அணுக்களை எண்ணுவது ஒரு கருவியாகவே ஆனது. சூரிச்சில் 2005இல் டில்மன் எஸ்லிங்கரின் குழு, அணு லேசரிலிருந்து, அதாவது லேசர் ஒளிபோல் ஒத்திசைந்து வரும் அணுக்கற்றையிலிருந்து, விழும் அணுக்களை இத்தகைய குழியால் ஒவ்வொன்றாக எண்ணி, அவை எந்த ஒழுங்கில் வருகின்றன என்று பார்த்தது.

ரெம்பேயின் குழு 2013இல் ஏற்பாட்டையே திருப்பிப் போட்டது. குழிக்குள் நிறுத்திய ருபிடியம் அணுவை வைத்து ஃபோட்டானைக் கண்டறிந்தார்கள். வழக்கமான உணர்கருவி ஃபோட்டானை விழுங்கித்தான் எண்ணும். இங்கே ஃபோட்டான் குழியில் பட்டுத் திரும்பிப் போய்விடும், அது வந்த தடயம் அணுவின் நிலையில் பதிந்திருக்கும். இப்படி 100 ஃபோட்டான்களில் 74ஐக் கண்டறிய முடிந்தது.